கிரெடிட் கார்டால ஏரிஎம்மில காசு எடுத்தா வட்டி எப்பிடி ஓடும், அதை நீங்களே கணக்குப் பாக்கிறது எப்பிடி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எண்டு எங்கட பக்கம் சம்பளக் கணக்கு வச்சிருக்கிற ஆக்களில இப்ப கனபேரிட்ட கிரெடிட் கார்ட் இருக்குது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கச்சேரி, பிரதேச செயலகம் எண்டு பாங்கால போர்மோட வாற பிள்ளையள் வந்து நிண்டு கதைச்சு, சம்பளத் துண்டில ஒரு கொப்பியும் அடையாள அட்டைக் கொப்பியும் வாங்கிக்கொண்டு போனா கொஞ்ச நாளில கார்ட் கைக்கு வந்திடும். அவையள் முதல் சொல்லுறது என்னெண்டா ஐம்பது நாளுக்கு மேல வட்டியில்லாமப் பாவிக்கலாம் எண்டு. அது பொய்யில்லை. ஆனா அது கடையில சாமான் வாங்கினதுக்கு மட்டும்தான், ஏரிஎம்மில காசா எடுத்தா அந்த வட்டியில்லாத காலம் எண்டதே கிடையாது, காசு மெஷினால வெளிய வந்த அண்டைக்கே வட்டி ஓடத் தொடங்கிடும், அதோட எடுத்ததுக்கெண்டு ஒரு சார்ஜும் தனியா விழும். இந்த ரெண்டையும் விளங்காம எடுத்துப்போட்டு அடுத்த மாசம் ஸ்டேட்மென்டைப் பாத்து திகைச்சு நிக்கிற ஆக்களை நான் அடிக்கடி காணுறன், அதாலதான் இதை விளக்கமா எழுதுறன்.

முதல்ல ஏன் இந்த வித்தியாசம் எண்டு பாப்பம். நீங்கள் ஒரு கடையில 10,000 ரூபாய்க்கு கார்டைப் போட்டு சாமான் வாங்கினா, பாங் அந்தக் கடைக்காரரிட்ட இருந்து ஒரு சின்ன வீதத்தைக் கொமிசனா எடுக்குது. கடைக்காரருக்கு முழுப் பத்தாயிரமும் போறதில்லை. அதால உங்களிட்ட ஒண்டரை மாசம் வட்டி வாங்காட்டியும் பாங்குக்கு வருமானம் இருக்குது. காசா எடுக்கேக்க நடுவில கடைக்காரர் ஒருத்தரும் இல்லை. பாங் தன்ர காசைத் தூக்கி உங்கட கையில தருது, அதுவும் பிணை இல்லாம, அடகு இல்லாம. அதால அதை அவையள் சாமான் வாங்கினதாப் பாக்கிறதில்லை, அந்த நிமிசமே குடுத்த கடனாத்தான் பாக்கினம். ஸ்டேட்மென்டிலயும் இது 'கேஷ் அட்வான்ஸ்' எண்டு வேறயா வரும்.

சரி, கணக்குக்கு வருவம். இதுக்கு மூண்டு விசயம் தெரிஞ்சிருக்கோணும்: எடுக்கிறதுக்கு என்ன சார்ஜ், வருச வட்டி வீதம் என்ன, எத்தினை நாளைக்கு வச்சிருக்கப் போறியள். சார்ஜும் வீதமும் பாங்குக்கு பாங் மாறும், அதால உங்கட பாங்கின்ர கட்டணப் பட்டியலைப் பாருங்கோ, அவையின்ர வெப்சைட்டில இருக்கும், இல்லாட்டி கார்டுக்குப் பின்னால இருக்கிற நம்பருக்கு அடிச்சு கேளுங்கோ. கேக்கேக்க "கேஷ் அட்வான்ஸ் சார்ஜ் எத்தினை வீதம், குறைஞ்சது எவ்வளவு" எண்டு ரெண்டையும் சேத்துக் கேக்கோணும். ஏனெண்டா பெரும்பாலும் "இத்தினை வீதம் அல்லது இத்தினை ரூபா, எது கூடவோ அது" எண்டுதான் போட்டிருப்பினம்.

வட்டி வீதத்துக்கு ஒரு சின்ன வரலாறு இருக்குது, அதைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது நல்லம். 2020 இல இலங்கை மத்திய வங்கி கிரெடிட் கார்ட் வட்டி வருசம் 18 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்டு உச்சம் போட்டது. பொருளாதார நெருக்கடி வந்த நேரம், 2022 ஏப்ரலில, அந்த உச்சத்தை எடுத்துவிட்டினம், பிறகு கார்ட் வட்டி 30 வீதத்தைத் தாண்டிப் போனது. 2023 ஆகஸ்டில திரும்பவும் உச்சம் வந்தது, கிரெடிட் கார்டுக்கு 28 வீதம், நகை அடகுக்கு 18 வீதம். இது இடைக்கிடை மாறுற விசயம், அதால நான் கீழ போடுற கணக்குக்கு 28 ஐ வச்சிருக்கிறன், நீங்கள் உங்கட ஸ்டேட்மென்டில இருக்கிற வீதத்தைப் போட்டுப் பாருங்கோ.

கணக்கு இப்பிடி. காலபோக விதைப்பு நேரம், உழவுக்கும் விதைநெல்லுக்கும் கையில காசில்லை, வீட்டில ஆரோ ஒருத்தர் அரச வேலை, அவையின்ர கார்டால ஒக்டோபர் 3 ஆந் தேதி பரந்தன் சந்திப் பக்கம் ஒரு ஏரிஎம்மில 50,000 எடுக்கினம் எண்டு வைப்பம். சார்ஜ் 5 வீதம் எண்டு எடுப்பம், அது 2,500. இந்த 2,500 ஐ கையில வாங்கிறதில்லை, அது கார்ட் கடனோட சேந்திடும். அதால எடுத்த அந்த நாளே கடன் 52,500. வட்டியும் 50,000 க்கு இல்லை, பெரும்பாலும் இந்த 52,500 க்குத்தான் ஓடும்.

ஒரு நாள் வட்டியைக் கண்டுபிடிக்க போன் கல்குலேற்றரில 52,500 ஐ 28 ஆல பெருக்கி, 100 ஆல பிரிச்சு, திரும்ப 365 ஆல பிரியுங்கோ. 40 ரூபா 27 சதம் வரும். அதுதான் ஒரு நாளைக்கு. ஒரு பிளேன்ரீ குடிக்கிற காசு எண்டு சும்மா விடாதேங்கோ, ஞாயிறு, போயா, தீபாவளி எண்டு ஒரு நாளும் விடாம ஓடும் அது.

ஸ்டேட்மென்ட் போடுற தேதி ஒக்டோபர் 20 எண்டு வைப்பம். 3 இல இருந்து 20 வரைக்கும் 17 நாள், அதுக்கு வட்டி 684 ரூபா 66 சதம். அப்ப ஸ்டேட்மென்டில நீங்கள் காணப்போறது மூண்டு வரி: கேஷ் அட்வான்ஸ் 50,000.00, கேஷ் அட்வான்ஸ் சார்ஜ் 2,500.00, வட்டி 684.66. மொத்தம் 53,184.66. கட்டவேண்டிய கடைசித் தேதி நவம்பர் 10. நீங்கள் ஒழுங்கான ஆள், 10 ஆந் தேதியே முழுக் காசையும், சதத்தையும் சேத்துக் கட்டிப்போட்டியள். முடிஞ்சுது எண்டு நினைப்பியள். இல்லை. ஒக்டோபர் 20 இல இருந்து நவம்பர் 10 வரைக்கும் 21 நாள் அந்த 53,184.66 உங்கட பேரில கடனாத்தானே கிடந்தது, அதுக்கு வட்டி ஓடியிருக்குது, அது கிட்டத்தட்ட 857 ரூபா, நவம்பர் 20 ஸ்டேட்மென்டில வந்து நிக்கும்.

இந்த இடத்திலதான் கனபேர் குழம்புறது. தெரிஞ்ச ரீச்சர் அக்கா ஒராள் ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்து காட்டி, "தம்பி, நான் போன மாசம் சதம் மிச்சமில்லாமக் கட்டினனான், ரசீதும் இருக்குது, பாத்தியே, திரும்பவும் வட்டி போட்டிருக்கிறாங்கள்" எண்டு கோவமாக் கேட்டவ. நான் ஒக்டோபர், நவம்பர் ரெண்டு ஸ்டேட்மென்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, தேதியைத் தேதியா எண்ணிக் காட்டினன். பாங் பிழையா ஒண்டும் போடேல்லை. ஸ்டேட்மென்ட் அடிச்ச நாளுக்கும் அவ காசு கட்டின நாளுக்கும் இடையில ஓடின வட்டி அது. "அப்ப இதையும் கட்டினா அடுத்த மாசம் திரும்ப வருமே?" எண்டு கேட்டா. அந்தச் சின்னத் தொகைக்கு ஒண்டு ரெண்டு வாரத்தில சில ரூபா வரலாம், அதை கார்ட் நம்பருக்கு அடிச்சு "இண்டைய திகதிக்கு முழுக்க முடிக்க எவ்வளவு" எண்டு கேட்டு அண்டைக்கே கட்டினா முடிஞ்சிடும். முழுக்க முடிக்க நினைக்கிற ஆக்கள் ஸ்டேட்மென்டில இருக்கிற தொகையை நம்பி நிக்காம இப்பிடிக் கேட்டுக் கட்டுறதுதான் சரியான வழி.

இப்ப கூட்டிப் பாருங்கோ. சார்ஜ் 2,500, முதல் வட்டி 685, ரெண்டாவது வட்டி 857. மொத்தம் 4,040 ரூபா கிட்ட. 38 நாளைக்கு 50,000 பாவிச்சதுக்கு இவ்வளவு. இதை வருசக் கணக்குக்கு மாத்தினா 70 வீதத்தைத் தாண்டிப் போகுது. "28 வீதம்தானே" எண்டு நினைச்சு எடுக்கிற ஆக்கள் இதைத்தான் காணாம விடுகினம், வட்டியை விட சார்ஜ்தான் பெரிசா அடிக்குது, குறைஞ்ச நாளைக்கு எடுக்கிற ஆக்களுக்கு இன்னும் மோசம். அஞ்சு நாளில திருப்பிக் கட்டினாலும் அந்த 2,500 போனதுதான், வட்டி 201 ரூபா மட்டும்தான் வரும், மொத்தம் 2,700. நாள் குறைஞ்சா 1,340 ரூபா கிட்ட மிச்சம் பிடிக்கலாம், சார்ஜைத் தப்பேலாது.

சின்னத் தொகை எடுக்கிற ஆக்கள் இன்னும் கவனம். குறைஞ்ச சார்ஜ் 1,000 ரூபா எண்டு ஒரு பாங் வச்சிருந்தா, நீங்கள் 5,000 எடுத்தாலும் 1,000 போகும். அது 20 வீதம். கையில கார்ட் இருக்குது எண்டு பிள்ளையின்ர ரியூசன் காசுக்கு ஒரு 5,000, பேந்து மோட்டச்சைக்கிள் ரயருக்கு ஒரு 5,000, பேந்து ஒரு சாமத்திய வீட்டுக்கு 5,000 எண்டு மூண்டு தரம் எடுத்தா சார்ஜ் மட்டும் 3,000. ஒரே தரத்தில 15,000 எடுத்திருந்தா அதே 1,000 தான். கட்டாயம் எடுக்கத்தான் வேணுமெண்டா தேவையை ஒண்டாக் கூட்டி ஒரு தரம் எடுங்கோ. மற்றப் பாங்கின்ர ஏரிஎம்மில எடுத்தா அதுக்கு வேறயா ஒரு சார்ஜ் இருக்கோ எண்டும் கேட்டு வச்சுக்கொள்ளுங்கோ.

ஏரிஎம்மில நிக்கேக்க ஒரு விசயம். பொக்கற்றில டெபிட் கார்டும் கிரெடிட் கார்டும் ஒண்டா இருக்கும், ரெண்டும் ஒரே பாங், ஒரே நிறம், வயசுபோன அப்பாட்டக் குடுத்து "காசெடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டு அனுப்பினா அவர் எதைப் போடுவார் எண்டு சொல்லேலாது. கிரெடிட் கார்டைப் போட்டா சில மெஷினில சேமிப்பு, நடைமுறை, கிரெடிட் எண்டு கேக்கும். கிரெடிட் எண்ட சொல்லு திரையில வந்தா அங்கயே நிண்டு யோசியுங்கோ, வெளிய வாறது உங்கட சேமிப்புக் காசு இல்லை. வீட்டில வயசான ஆக்களிட்டக் குடுக்கிறதா இருந்தா டெபிட் கார்டில ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விடுங்கோ. கிரெடிட் கார்டின்ர பின் நம்பரை அவையளுக்குச் சொல்லாம விட்டா இன்னும் பாதுகாப்பு.

கார்ட் லிமிட் 200,000 எண்டா முழுக்கக் காசா எடுக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ. காசுக்கெண்டு தனி லிமிட் இருக்கும், அது மொத்த லிமிட்டுக்குள்ள ஒரு பங்கு. ஸ்டேட்மென்டின்ர மேல் பகுதியில ரெண்டு லிமிட்டும் போட்டிருக்கும்.

இன்னொரு கேள்வியும் வாறது. "கார்டில முதலே காசைக் கூடக் கட்டி வச்சிட்டு பிறகு எடுத்தா வட்டி வராதுதானே?" கடனே இல்லையெண்டா வட்டி ஓட ஒண்டுமில்லை, சரிதான். ஆனா காசா எடுத்ததுக்கான சார்ஜ் பெரும்பாலும் விழும். உங்கட காசை எடுக்க நீங்களே 5 வீதம் குடுக்கிற மாதிரிப் போயிடும், அதுக்கு சேமிப்புக் கணக்கில போட்டு டெபிட் கார்டால எடுக்கலாமே.

இனி மினிமம் பேமென்ட். நான் சொல்லுறதில மிச்சம் பெரிய விசயம் இதுதான். ஸ்டேட்மென்டில மொத்தம் 53,184.66 எண்டு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழயோ பக்கத்திலயோ "குறைந்தபட்சக் கொடுப்பனவு" எண்டு ஒரு சின்னத் தொகை இருக்கும். 5 வீதம் எண்டு வச்சா 2,659 ரூபா. சம்பளம் வாங்கி, கடன் கட்டி, பிள்ளையளின்ர செலவு பாத்து, கையில இறுக்கமா இருக்கேக்க அந்த 2,659 ஐப் பாத்தா மனசுக்கு ஆறுதலாத்தான் இருக்கும். ஆனா ஒரு மாச வட்டி மட்டும் 1,240 ரூபா கிட்ட. நீங்கள் கட்டுற 2,659 இல அரைவாசிக்குக் கிட்ட வட்டிக்கே போகுது, முதலில குறையுறது 1,400 சொச்சம்தான். இப்பிடியே வேற ஒண்டும் வாங்காம, மாசாமாசம் 5 வீதம் மட்டும் ஒரு வருசத்துக்குக் கட்டிக்கொண்டு போனா, கிட்டத்தட்ட 27,500 ரூபா கட்டி முடிச்ச பிறகும் 38,000 அளவில கடன் மிச்சம் நிக்கும். எடுத்தது 50,000. ஓட்டைக் குளத்துக்கு வாய்க்காலால தண்ணி விட்டுக்கொண்டிருக்கிற மாதிரித்தான், பக்கத்தில நிண்டு பாக்கிறவருக்குத் தண்ணி ஓடுறது தெரியும், குளம் நிரம்பாது.

மினிமத்தையும் தேதிக்குக் கட்டாம விட்டா லேட் சார்ஜ் வரும், அதோட கடன் தகவல் பணியகத்தில, எங்கட ஆக்கள் 'கிறிப்' எண்டு சொல்லுறது, பிந்தினது பதிவாகும். அது 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த நிறுவனம், எல்லாப் பாங்கும் கடன் குடுக்க முதல் அங்க பாக்கும். வீட்டுக் கடனுக்கோ லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷின் லீசிங்குக்கோ போகேக்க "கிறிப்பில பிரச்சினை இருக்குது" எண்டு திருப்பி அனுப்பினா, அது இப்பிடி ஒரு சின்னக் கார்ட் கடனாலயும் இருக்கலாம். அதால முழுக்கக் கட்ட ஏலாத மாசத்திலயும் மினிமத்தையாவது தேதிக்கு முதல் கட்டுங்கோ, மேல கையில எவ்வளவு ஏலுமோ அவ்வளவையும் சேத்துக் கட்டுங்கோ.

இதோட சேந்த இன்னொரு அடி இருக்குது. நீங்கள் அந்த மாசம் காசும் எடுத்து, கடையில 20,000 க்கு சாமானும் வாங்கியிருக்கிறியள் எண்டு வைப்பம். சாமான் வாங்கினதுக்கு வட்டியில்லை எண்ட சலுகை, ஸ்டேட்மென்டில இருக்கிற முழுத் தொகையையும் தேதிக்குக் கட்டினாத்தான் கிடைக்கும். காசு எடுத்த 50,000 ஐக் கட்ட ஏலாம "சாமான் வாங்கின 20,000 ஐ மட்டும் கட்டுவம், அதுக்காவது வட்டி வராது" எண்டு நினைச்சுக் கட்டினா அது அப்பிடி நடக்காது. நீங்கள் கட்டுற காசு எதுக்குப் போகோணும் எண்டு முடிவெடுக்கிறது பாங், பெரும்பாலும் சார்ஜுக்கும் வட்டிக்கும் முதல்ல போகும். மிச்சம் நிண்டா சாமானுக்கும் வாங்கின நாளில இருந்து வட்டி போட ஏலும். அதால காசு எடுத்த கடன் கார்டில கிடக்கிற வரைக்கும் அந்தக் கார்டால சாமான் வாங்கிறதை நிப்பாட்டுறது புத்தி.

எடுத்தாச்சு, இனி என்ன செய்யிறது எண்டு கேக்கிற ஆக்களுக்கு: ஸ்டேட்மென்ட் வரும்வரைக்கும் காத்திருக்காதேங்கோ. சாமான் வாங்கினதுக்கு கடைசித் தேதி வரைக்கும் பொறுத்திருந்து கட்டுறது கெட்டித்தனம், காசு எடுத்ததுக்கு அப்பிடிச் செய்தா நட்டம். காசு கையில வந்த அண்டைக்கே கொண்டுபோய்க் கட்டுங்கோ, முழுக்க இல்லாட்டியும் பாதியாவது. 25,000 கட்டினா அண்டையில இருந்து நாள் வட்டி 40 ரூபாயில இருந்து 21 ரூபாவா இறங்கிடும். பாங்கில லைனில நிக்கத் தேவையில்லை, காசு போடுற மெஷினில போடலாம், போனில இருக்கிற பாங் அப்பால கட்டலாம். ஒரு கவனம், வட்டி நிக்கிறது நீங்கள் அனுப்பின நேரத்தில இல்லை, கார்ட் கணக்கில விழுந்த நாளிலதான். அதே பாங்கின்ர கணக்கால கட்டினா கெதியா விழும், வேற பாங்கால வெள்ளி பின்னேரம் அனுப்பினா திங்கள் ஆகலாம், திங்கள் போயா எண்டா செவ்வாய். கடைசித் தேதிக்குக் கட்டுற ஆக்கள் இதாலயே லேட் சார்ஜில மாட்டுப்படுகினம்.

கட்டேக்க ரசீதையோ ஸ்கிரீன்சொட்டையோ வச்சிருங்கோ, அடுத்த ஸ்டேட்மென்டில விழுந்திருக்கோ எண்டு பாத்த பிறகு எறியலாம்.

எடுக்க முதல் யோசிக்கிற ஆக்களுக்கு நான் கேக்கிற முதல் கேள்வி, அந்தக் காசு ஆருக்குப் போகப்போகுது எண்டு. யூரியாக் கடைக்கோ, ஹார்ட்வெயாருக்கோ, பாமசிக்கோ எண்டா அங்க கார்ட் மெஷின் இருக்கோ எண்டு கேளுங்கோ. இருந்தா நேர கார்டைப் போடுங்கோ, அதே 50,000 சாமான் வாங்கினதா விழும், சார்ஜும் இல்லை, தேதிக்கு முழுக்கக் கட்டினா வட்டியும் இல்லை. "கார்ட் எண்டா மூண்டு வீதம் கூட" எண்டு கடைக்காரர் சொன்னா, அது அவர் பாங்கோட செய்த ஒப்பந்தத்துக்கு மாறானது, அந்தச் செலவு அவற்றது, உங்கட தலையில போட ஏலாது எண்டு தன்மையாச் சொல்லிப் பாருங்கோ. சில கடையில சாமான் வாங்காமலே கார்டைத் தேய்ச்சு கொமிசன் எடுத்துக்கொண்டு காசு தருவினம், அதுக்குப் போகாதேங்கோ, அதுவும் பாங் விதிக்கு மாறு, கார்டை நிப்பாட்டி விடுவினம், உங்கட கார்ட் விபரமும் அவையளின்ர கைக்குப் போயிடும்.

உழவுக்காரருக்கும் கூலி ஆக்களுக்கும் காசாத்தான் குடுக்கோணும், அதை நான் மறுக்கேல்லை. அப்பிடியெண்டா வீட்டில நகை இருக்கிற ஆக்கள் பாங் அடகோட ஒப்பிட்டுப் பாருங்கோ. 18 வீதத்தில 50,000 க்கு அதே 38 நாளைக்கு வட்டி 937 ரூபா. கார்டில 4,040. அடகு வைக்கிறது எங்கட சனத்துக்கு வெக்கமான விசயமாத் தெரியும், ஆரும் கண்டிடுவினமோ எண்டு கிளிநொச்சியில இருக்கிற ஆள் வவுனியாவுக்குப் போய் வைக்கிறதும் நடக்குது, ஆனா கணக்கெண்டு பாத்தா மூவாயிரம் ரூபா வித்தியாசம், வெக்கத்துக்கு அவ்வளவு குடுக்கத் தேவையில்லை. அடகிலயும் குறைஞ்சது எத்தினை நாளுக்கு வட்டி எடுப்பினம், வேற சார்ஜ் என்ன எண்டு கேட்டுத்தான் வையுங்கோ. சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கத்தின்ர சுழற்சி நிதி, கமக்காரர் பயிர்க் கடன், கந்தோரில சம்பள முற்பணம், இதுகளில ஒண்டில நீங்கள் ஏற்கெனவே உறுப்பினரா இருந்தா கார்டைத் தொட முதல் அங்க கேளுங்கோ. போகம் எப்ப தொடங்கும் எண்டு எங்களுக்குத் தெரியும், புரட்டாசி வர முதலே ஆவணியில எழுதிக் குடுத்தா விதைப்புக்குக் காசு கையில இருக்கும்.

ஒரு கடனை அடைக்க கார்டால காசெடுக்கிறதை மட்டும் செய்யாதேங்கோ எண்டு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன். சண்டை முடிஞ்ச பிறகு எங்கட இடங்களில நுண்கடன் வந்து, கிழமைக் கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நாளுக்கு நாள் ஏறுற மீற்றர் வட்டி எண்டு எத்தினை குடும்பங்கள், அதிலயும் பொம்பிளையள், நிம்மதியில்லாமத் திரிஞ்சவை எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. கார்ட் வடிவா இருக்குது, வாசலில வந்து ஆரும் சத்தம் போடுறதில்லை எண்டதுக்காக அது வேற மாதிரிக் கடன் இல்லை.

கார்டில இருந்து "லோன்" தாறம் எண்டு பாங்கால போன் வரும், அது நான் மேல சொன்ன கேஷ் அட்வான்ஸ் இல்லை. அது தவணைக் கடன், சேமிப்புக் கணக்குக்குக் காசைப் போட்டு மாசாமாசம் ஒரே தொகை கழிப்பினம். சில நேரம் அது ஏரிஎம்மில எடுக்கிறதை விட மலிவா இருக்கும். கேக்கவேண்டியது: மொத்தமா எவ்வளவு திருப்பிக் கட்டோணும், முதலே பிடிக்கிற சார்ஜ் எவ்வளவு, இடையில முடிச்சா தண்டம் இருக்கோ. "மாசம் இவ்வளவுதான்" எண்டு மட்டும் சொன்னா விடாம மொத்தத்தைக் கேளுங்கோ, அதை எஸ்எம்எஸ்ஸா அனுப்பச் சொல்லுங்கோ.

ஏரிஎம்முக்கே போகாம காசு எடுத்த மாதிரி விழுற விசயங்களும் இருக்குது. ஒன்லைன் சூதாட்டம், போனில இருக்கிற சில வொலட் அப்புக்குக் காசு ஏத்துறது, காசு அனுப்புற சேவைக்கு கார்டைக் குடுக்கிறது எல்லாம் பாங்கைப் பொறுத்து கேஷ் அட்வான்ஸா எடுபடலாம். முதல்ல சின்னத் தொகை போட்டு ஸ்டேட்மென்டில எப்பிடி விழுகுது எண்டு பாருங்கோ.

வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லி விடுங்கோ. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆடி ஆவணி லீவுக்கும் கனடா, லண்டன் எண்டு வந்து நிக்கிற சித்தப்பா, மாமிமார் முள்ளியவளையிலயோ புதுக்குடியிருப்பிலயோ தங்கட கிரெடிட் கார்டைப் போட்டு ரூபா எடுப்பினம். அவையளுக்கு அங்கத்தைப் பாங் கேஷ் அட்வான்ஸ் சார்ஜ் போடும், வெளிநாட்டுக் காசு மாத்துற வீதம் போடும், இங்கத்தை மெஷினும் ஒரு சார்ஜ் கேக்கலாம், வட்டி அண்டைக்கே தொடங்கும். கனடாவில கன கார்டுகளுக்கு சாமானுக்கு 19.99 வீதம் எண்டா காசுக்கு 22.99 எண்டு கூடவா இருக்கும். லண்டன் ஆக்களுக்கு கிரெடிட் கார்டால காசெடுத்தது அவையின்ர கிரெடிட் ரிப்போட்டிலயும் தெரியும், வீட்டுக் கடன் எடுக்க இருக்கிற ஆக்கள் கவனம். மெஷின் "உங்கட நாட்டுக் காசில கழிக்கவோ, ரூபாயில கழிக்கவோ" எண்டு கேட்டா ரூபா எண்டதை அமத்தச் சொல்லுங்கோ, டொலரிலயோ பவுனிலயோ எண்டு அமத்தினா மாத்து வீதம் பெரும்பாலும் மோசமாத்தான் இருக்கும். டெபிட் கார்டோ, கையில கொண்டுவந்து பாங்கில மாத்துறதோ மலிவு.

கடைசியா, ஸ்டேட்மென்டில கணக்குப் பிழை எண்டு கண்டா. முதல்ல மேல சொன்ன மாதிரி நீங்களே நாளை எண்ணிப் போட்டுப் பாருங்கோ, சில ரூபா வித்தியாசம் வரலாம், சில பாங் பதிவான நாளில இருந்து எண்ணும். பெரிய வித்தியாசம் எண்டா, இல்லாட்டி மெஷினால காசு வராமலே கழிபட்டிருந்தா, அண்டைக்கே கார்ட் நம்பருக்கு அடிச்சு முறைப்பாட்டு இலக்கம் ஒண்டு வாங்கி, பிறகு கிளைக்கு எழுத்தில குடுத்து, கொப்பியில சீல் அடிச்சு வாங்கிக்கொள்ளுங்கோ. வாயால சொன்னதுக்கு ஒரு சாட்சியும் இல்லை. பாங் ஒழுங்கான பதில் தராட்டி மத்திய வங்கியின்ர நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 க்கு அடிக்கலாம், தமிழிலயே கதைக்கலாம், பாங் முறைப்பாடுகளை விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம். ரெண்டு இடத்திலயும் முதல் கேக்கிறது பாங்குக்குக் குடுத்த முறைப்பாட்டின்ர கொப்பியைத்தான், அதால அந்தச் சீல் அடிச்ச துண்டையும் ரெண்டு மாச ஸ்டேட்மென்டையும் ஒரு பைலில போட்டு வச்சுக்கொண்டு போனை எடுங்கோ.